சாப்பிடுகிற வீட்டில் சொல்லிவிட்டு வா

“…அதனாலே இந்த ஆத்துச் சாதம் உனக்கு ஆகாதுங்கறே. அப்படித்தானே? சுத்தி வளைக்காதே, நேரே சொல்லு” என்றார் வேதவல்லி மாமி.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீடு. மாமி சமையலறை வாசலில் நிற்கிறார். எதிரே தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் பையன் சந்திரன், மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து திருச்சிக்கு பி.எஸ்ஸி. படிக்க வந்தவன். கூடத்தில், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவிக்கிறவன் நான். வெளிநாட்டு மாணவர்களுக்காக வைக்கப்பட்டிருந்த கிறிஸ்தவ ஊழியன். அந்தக் கேள்விக்கு அவன் ஒரு பதில் சொன்னான். அதைச் சொல்வதற்கு முன் நாங்கள் அங்கே போய் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லியாக வேண்டும்.

போன மாதம் எங்கள் மிஷனில் புது ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். ரிட்டயர் ஆன என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவரில் படம் போட்டு, அம்புக்குறி அம்புக்குறியாக விளக்கிக்கொண்டிருந்த தம்பி ஒருவர், “அங்கிள், எழுபது எண்பதுகள்ல கலாச்சாரத் தடைகளை எந்த அணுகுமுறையில மேற்கொண்டீங்க?” என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. “மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கிட்டு மேற்கொண்டேன் தம்பி” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

நான் வையம்பட்டிக்காரன். பள்ளிப் படிப்போடு சரி. லாரி ஆபீஸில் புக்கிங் எழுதிக்கொண்டிருந்தவனை, நன்றாகப் பேசுகிறான் என்பதற்காக ஊழியத்துக்கு இழுத்துவிட்டார்கள். இங்கிலீஷ் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கென்யாப் பையன்களோடு பேசிப் பேசி வந்ததுதான். அதனால் இன்றைக்கும் நான் பேசும் இங்கிலீஷில் நைரோபி வாசனை அடிக்கும் என்பார்கள்.

வெளிநாட்டு மாணவர்கள் மத்தியில் ஊழியம் என்றால் ஏதோ மேடையும் மைக்கும் என்று நினைப்பார்கள். என் நாள் விடிவது போலீஸ் ஆபீஸ் வாசலில். யாராவது ஒரு பையனுடைய தங்கும் அனுமதி முடிந்திருக்கும். அங்கே இருந்த ஏட்டையா என்னைப் பார்த்தாலே, “வந்துட்டாருய்யா அயல்நாட்டு மந்திரி” என்பார். மத்தியானம் வீடு தேடும் படலம். தில்லைநகரில் ஒரு வீட்டுக்காரர், “கறி சமைச்சுக்கட்டும், தாராளமா சமைச்சுக்கட்டும். வாசனை மட்டும் வரக்கூடாது” என்றார். கறியை எந்த அடுப்பில் வைத்தால் வாசனை வராது என்று அவரையே கேட்டேன். “அது உங்க பாடு” என்று கதவைச் சாத்திவிட்டார். சாயங்காலம் எவனுக்காவது மண்ணெண்ணெய் தீர்ந்திருக்கும், எவனுக்காவது அம்மை போட்டிருக்கும். இதற்கு நடுவில்தான் ஜெபமும் வேதப்பாடமும். ஜோசப் என்று ஒரு கென்யாப் பையன் சொன்னது மறக்காது: “அண்ணே, உங்க ஊர்ல எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு கேக்கறாங்க. இல்லேன்னு சொன்னா என்ன செய்யறதுன்னுதான் யாருக்கும் தெரியலை.” தமிழிலேயே சொன்னான், பாவி.

எனக்கு மேலே ஞானசிகாமணி ஐயா. ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆகி, பொன்மலையிலிருந்து சைக்கிளில் வந்து எங்கள் வேலையை நடத்தியவர். வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாது. விசிலைப் பையிலேயே வைத்திருப்பார். வேலையை விட்ட பிறகும் அது எதற்கு என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. நாம் ஒரு விஷயத்தைக் கொட்டி முழக்கினால் அவர் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார், திரும்பப் பையில் போடுவார், பதில் சொல்ல மாட்டார். மனதுக்குப் பிடித்தால் “ரைட்” என்பார். அந்த ஒரு ரைட்டுக்காக நாங்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்ததுண்டு.

அவர் வைத்திருந்த சட்டங்களில் ஒன்று எனக்கு வயிற்றெரிச்சலாகவே இருந்தது. யாராவது ஒரு பையன் விசுவாசத்துக்கு வந்து ஞானஸ்நானம் கேட்டால், அவன் தினமும் எந்த வீட்டில் சாப்பிடுகிறானோ அந்த வீட்டில் தன் வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும். ரகசிய ஞானஸ்நானம் கிடையாது. முன்பு அப்படி ஒரு பையனுக்கு ரகசியமாகக் கொடுத்துவிட, அவனுக்குச் சோறு போட்ட மெஸ்காரம்மா கேள்விப்பட்டு வந்தாராம். சண்டை போடவில்லையாம். “இத்தனை நாள் என் கையால சாப்பிட்ட பிள்ளை, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம். அன்று முதல் இந்தச் சட்டம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் பாருங்கள். பையனுடைய அப்பா அம்மா கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே மெஸ்ஸில் சாப்பிடுகிறவன் மெஸ் முதலாளியிடம் போய், “நான் ஞானஸ்நானம் எடுக்கப் போறேங்க” என்று சொன்னால், அவர் “சரி, நாளைக்கு டிபன் வேணுமா வேணாமா?” என்று கேட்பார். அப்படித்தான் பல தடவை நடந்தது. சந்திரன் விஷயத்தில்தான் மெஸ் முதலாளிக்குப் பதிலாக வேதவல்லி மாமி வந்து அமைந்தார்.

மாமியின் கொழுந்தனார் மலேசியாவில் வேலை பார்த்தவர். அவர் சொல்லித்தான் சந்திரனுக்கு மாடியறையைக் கொடுத்தார்கள். முதல் வருஷம் அவனுக்குச் சாப்பாடு டிபன் கேரியரில் மாடிக்குப் போனது. பிறகு பின்கட்டு நடையில் தட்டு வைத்தார்கள். அவன் காய்ச்சலில் படுத்து எழுந்ததும் தட்டு கூடத்துக்கு வந்தது. மூன்றாம் வருஷம் சமையலறை வாசற்படிக்கு உள்ளேயே வந்துவிட்டது. அந்த வீட்டு உறவுக்காரர்களே நுழையத் தயங்கும் இடம். பையனும் அதற்குத் தக்கபடி இருந்தான். தட்டைத் தானே கழுவுவான். வெளியே ஒரு ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு வந்தால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவான். அவன் ஊர்ப் பேச்சில், “மாமி, பசியாறிட்டேன்” என்று சொல்வதைக் கேட்பதற்காகவே மாமி இரண்டாம் தடவை சாதம் போடுவார்.

இந்தப் பையன் எங்கள் மிஷன் ஹாஸ்டலுக்கு டேபிள் டென்னிஸ் ஆட வந்து, பாட்டுக்கு உட்கார்ந்து, பாடத்துக்கு உட்கார்ந்து, கடைசி வருஷம் ஞானஸ்நானம் கேட்டான். அப்பாவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன் என்றான். பரீட்சை முடிந்ததும் ஊருக்குக் கப்பல். ஊருக்குப் போய்விட்டால் தோட்டத்தில் சபை கிடையாது, வீட்டில் விடவும் மாட்டார்கள். இங்கேயே எடுத்தாக வேண்டும். ஞானசிகாமணி ஐயா கடிகாரத்தைப் பார்த்தார். “எங்க சாப்பிடறான்?” என்றார். சொன்னேன். “அங்க சொல்லிட்டு வரட்டும்.”

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஞானஸ்நான வகுப்பில் நான் வழக்கம்போல, சாமிக்குப் படைத்ததை இனிமேல் சாப்பிடக் கூடாது என்று ஒரு பாடம் நடத்தினேன். எங்கள் மிஷனில் அது கட்டாயப் பாடம். என் மனதில் இருந்தது சமயபுரம் கோயிலிலிருந்து யாராவது கொண்டுவந்து நீட்டும் பொங்கல் பொட்டலம். சந்திரன் பாடம் முடிந்தும் எழுந்து போகவில்லை.

“அண்ணே, மாமி வீட்டுல எல்லாமே படைச்சதுதான்.”

“எல்லாமேன்னா? பண்டிகைக்கா?”

“தினமும் லா.” அந்த ‘லா’ அவன் ஊர்ப் பேச்சின் வால். “சாதம், குழம்பு, ரசம், எல்லாம். அவங்க அதைத் தளிகைன்னு சொல்வாங்க. வடிச்சதும் பெருமாளுக்குக் காட்டி மணி அடிச்ச பிறகுதான் யாருக்கும் போடுவாங்க. அதுக்கு முன்னாடி மாமி உப்புக்கூட ருசி பார்க்க மாட்டாங்க.”

அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மணி அடிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஏதோ பூஜை என்று இருந்துவிட்டேன். இப்போது இவன் மூன்று வருஷச் சாப்பாட்டையும் என் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நான் என்னண்ணே செய்யட்டும்?” என்கிறான்.

ஓடினேன் பொன்மலைக்கு. “ஐயா, இது அவங்க வீட்டு வழக்கம். பையன் சாப்பிட்டாத்தான் பரீட்சை எழுத முடியும். ஊருக்குப் போற வரைக்கும் கண்டுக்காம இருக்கச் சொல்லலாமா?” என்றேன்.

“அது அவன் மனசாட்சி. சாப்பிடு, சாப்பிடாதேன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“அப்ப வீட்டுல சொல்றதையாவது தள்ளிப் போடலாமே. அந்தம்மா மனசு உடைஞ்சா பையன் பரீட்சை போச்சு.”

கடிகாரம் வெளியே வந்தது, உள்ளே போனது. “வண்டி லேட்டாப் போகலாம் தம்பி. கார்டுக்குத் தெரியாமப் போகக் கூடாது.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த விசிலை எடுத்து நானே ஊதியிருப்பேன்.

சந்திரன் சொல்லவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. அந்தப் பையனுக்கு நடுவாக ஒன்றும் தெரியாது. நான் சொன்ன பாடத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டான். வயிறு சரியில்லை மாமி, பசிக்கலை மாமி என்று சொல்லிவிட்டு, மாடியில் ஒளித்து வைத்துக்கொண்டு பன்னும் வாழைப்பழமும் தின்றான். மாமி முதலில் உஷ்ணம் என்றார். வெந்தயம் கொடுத்தார். அப்புறம் கண்ணேறு என்றார். மிளகாய் சுற்றிப் போட்டார். அப்புறம் சந்தேகம் என் பக்கம் திரும்பியது.

“சாமுவேல் சார், உங்க ஹாஸ்டல்ல கொழந்தைக்கு என்னத்தைப் போட்டேள்? இப்படி வயித்தைக் கெடுத்து அனுப்பிருக்கேளே!”

ஹாஸ்டலில் நாங்கள் போட்டது டீ மட்டும்தான். அதைச் சொன்னால் “டீயா!” என்று அதற்கு வேறு திட்டு.

சொல்லிவிடலாம் என்று சந்திரனை இழுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் தாண்டும்வரை தைரியமாக இருந்தான். வீட்டுக்குள் நுழைந்தால் மாமியின் கணவர், ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார், எங்களைப் பிடித்துக்கொண்டார். முனிசிபல் குழாயில் தண்ணீர் வராததற்கான காரணத்தைக் கணக்கு போட்டே நிரூபித்தார். “விடை மட்டும் சொன்னாப் போறாது சார், ஸ்டெப் வேணும்” என்று ஒவ்வொரு ஸ்டெப்பாகச் சொன்னார். கடைசி ஸ்டெப் வரும்போது கடைசி பஸ் போய்விடும் போலிருந்தது. சந்திரன் என்னைப் பார்த்தான். நான் குழாயைப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் போனோம். வாயைத் திறக்குமுன் மாமி சுக்குக் கஷாயம் கொண்டுவந்து நீட்டினார். சந்திரன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான். கஷாயத்தையும் பெருமாளுக்குக் காட்டியிருப்பார்களா? மருந்துக்கு உண்டா, இல்லையா? இதை நான் எந்த வகுப்பில் படித்தேன் பதில் சொல்ல! கண்ணை மூடிக் குடிடா என்று ஜாடை காட்டினேன். அவனோ என் காதில், “கேட்டுடட்டுமா அண்ணே?” என்கிறான். “கேட்டியானா உன்னைத் தனியா மாட்டிவிட்டுட்டு நான் பஸ் ஏறிடுவேன்” என்றேன். குடித்தான். அன்றைக்கும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, இந்த ஊழியத்தையே விட்டுவிட்டு மறுபடியும் லாரி ஆபீஸுக்குப் போய்விடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். அங்கே மூட்டைகள் பேசாது.

பையன் இளைத்துக்கொண்டே போனான். படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்றான். பரீட்சை நெருங்கிவிட்டது. அதற்கு அடுத்த ஞாயிறு பொன்மலைச் சபையில் ஞானஸ்நான ஆராதனை. அதை விட்டால் கப்பல்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ‘இன்றைக்கு நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டிக் கூட்டிப்போனேன்.

வாசலில் கணக்கு வாத்தியார். அன்று குழாய்ப் பேச்சே இல்லை. முகம் வாடியிருந்தது.

“நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கோ சார். சக்கரை இருக்கிற உடம்பு. சாதத்தைத் தொடமாட்டேங்கறா. ஒரு வாய் பால், அதோட சரி.”

“ஏன், மாமிக்கு என்ன உடம்பு?”

“உடம்பு ஒண்ணுமில்லே. பெருமாள் சன்னிதியிலே போய் வேண்டிண்டு வந்துட்டா. இந்தப் பிள்ளை வயிறாறச் சாப்பிடற வரைக்கும் தானும் சாதம் சாப்பிடறதில்லேன்னு. நான் சொன்னாக் கேக்கறாளா?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரே வீட்டில் மாடியில் ஒருத்தன் பெருமாளுக்குக் காட்டிய சோற்றை உண்ண முடியாமல் பட்டினி, கீழே ஒருத்தர் அவனுக்காகப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டு பட்டினி. நடுவில் நான். பொன்மலையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாரிடம் போய் நான் எரிந்து விழ?

சந்திரன் அதைக் கேட்டதும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினான். நான் பின்னாலேயே போய்க் கூடத்தில் நின்றேன். மாமி அப்போதுதான் மணி அடித்து முடித்துவிட்டு வெளியே வந்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“மாமி, எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு.”

“நல்லா இருக்கா? அப்படின்னா உக்காரு, சாதம் போடறேன்.”

“இல்ல மாமி. நான் கிறிஸ்தவனா ஆகப்போறேன். பரீட்சை முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். அதுக்கப்புறம் சாமிக்குப் படைச்சதைச் சாப்பிடக் கூடாதுன்னு… அதான் இப்பவே…” அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அழுதுவிட்டான்.

மாமி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக எதையாவது எடுத்து என் மேல் எறிந்திருக்கலாம். கணக்கு வாத்தியார் தூணைப் பிடித்துக்கொண்டு, “என்னது, என்னது?” என்றார். யாரும் அவருக்கு ஸ்டெப் சொல்லவில்லை.

“உங்கப்பாவுக்குத் தெரியுமோ?”

“எழுதிட்டேன் மாமி.”

“மதம் மாறறது உன் இஷ்டம், உங்கப்பா பாடு. அதுக்கு நான் யாரு? ஆனா வயிறு சரியில்லேன்னு சொன்னியேடா! வடக்கு வாசல்லேர்ந்து அந்த வெயில்லே நடந்து போய்ப் பெருமாள் முன்னாடி நின்னு, இந்தக் கொழந்தை வயிறு சரியாகணும்னு அழுதேன். பொய் வயித்துக்கா நான் போய் அழுதேன்? அவர் என்ன நெனச்சிருப்பார் என்னைப் பத்தி?”

சந்திரன், “மன்னிச்சுக்கோங்க மாமி” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேச்சு நிதானத்துக்கு வந்தது. நிதானம்தான் இன்னும் பயமாக இருந்தது.

“இருக்கட்டும். பெருமாளுக்குக் காட்டாம நான் எதுவும் பண்றதில்லே. காட்டினதை நீ தொடறதில்லே. அதனாலே இந்த ஆத்துச் சாதம் உனக்கு ஆகாதுங்கறே. அப்படித்தானே? சுத்தி வளைக்காதே, நேரே சொல்லு.”

“ஆமாம் மாமி” என்றான் சந்திரன். எனக்கே கேட்டும் கேட்காத குரல்.

மாமி உள்ளே போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம். போச்சு, மாடியறைச் சாமானைக் கட்ட வேண்டியதுதான், இன்றைக்கே வேறு ரூம் பார்க்க வேண்டும், மறுபடியும் கறி வாசனைக் கதை என்று என் மனம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. தளிகை அடுப்பு அணைந்து கிடக்க, எதிர்மூலையில் பம்ப் ஸ்டவ்வை வைத்து, கோபமெல்லாம் கைக்கு வந்தது போல மாமி அடித்துக்கொண்டிருந்தார். சின்ன வெண்கலப் பானை ஒன்றில் அரிசியைக் களைந்து போட்டு ஏற்றினார். “பெருமாளுக்குக் காட்டாத சாதத்தை இந்தக் கையாலே வடிக்க வெச்சுட்டே” என்று அடுப்பைப் பார்த்தே சொன்னார். வீட்டுத் தயிரும் காட்டினதுதான் என்று, கணக்கு வாத்தியாரைக் கடைக்கு அனுப்பித் தயிர் வாங்கிவரச் சொன்னார்.

சாதம் வெந்ததும் சந்திரனுடைய தட்டை எடுத்து, வாசற்படிக்கு உள்ளே, வழக்கமான அதே இடத்தில் வைத்தார். மணி அடித்த பானையைத் தொடாமல் சின்னப் பானையிலிருந்து போட்டு, கடையில் வாங்கிவந்த தயிரை ஊற்றினார். அவன் பிசைந்தான். முதல் கவளம் தொண்டையில் இறங்கும்வரை மாமி கண்ணை எடுக்கவில்லை. இறங்கியதும் தன் தட்டை எடுத்துக்கொண்டு, பெருமாளுக்குக் காட்டிய பானையிலிருந்து தனக்குச் சாதம் போட்டுக்கொண்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்தார்.